பல மரம் கண்ட தச்சன்

வணக்கம் ஐயா,

நான் வன்னியில், பரந்தனில் இருக்கிறேன். ஈரக் கொங்கிறீற்றில் இத்தாலிக் கல் மாதிரியும் பலகை மாதிரியும் அச்சு வைத்துக் கருஞ்சாம்பல் சாயம் போடும் தரை வேலை ஆறு வருசமாகச் செய்கிறேன். பூச்சாடி, மதில் பூ வேலையும் உண்டு. இரவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுவேன். கமெரா ஓடுவதற்குத் தண்டவாளம், தூக்கிப் பிடிக்கும் கை எல்லாம் நானே வெல்டிங் அடித்துச் செய்திருக்கிறேன். குறும்படம் எடுக்கிற பெடியள் வாடகைக்கு வாங்கிப் போவார்கள். சித்தப்பா கண்ட இடத்தில் "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்கிறார். ஒன்றை விட்டுவிட வேண்டுமா? எதை விடுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புத் தம்பி,

அந்தப் பழமொழித் தச்சன் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறவன், கோடரியை எடுக்கவேயில்லை. நீங்கள் வெட்டிக்கொண்டிருக்கிற ஆள். சித்தப்பா வேறு பழமொழி தேடட்டும்.

சீமெந்தும் சினிமாவும் ஒரே ஆளின் கையில் இருந்தது உங்களோடு தொடங்கவில்லை. எடிசனின் ஆய்வுகூடத்தில், டிக்சன் என்ற உதவியாளரின் உழைப்பில், 1890களின் தொடக்கத்தில் கைனெற்றோஸ்கோப் உருவானது. ஒருவர் குனிந்து துளை வழியே படம் பார்க்கும் பெட்டி அது. 35 மில்லிமீற்றர் ஃபிலிம் அங்கிருந்து வந்ததுதான். அதே எடிசன் 1899இல் சீமெந்துக் கம்பனி தொடங்கினார். அதற்கு முன் இரும்புத் தாது அரைக்கும் தொழிலில் பெரும் காசைத் தொலைத்திருந்தார். கல்லுடைக்கும் யந்திரமும் கல்லுடைத்த அனுபவமும் மிஞ்சியிருந்தன, அவற்றைச் சீமெந்துக்குத் திருப்பினார். பிறகு முழு வீட்டையும் ஒரே அச்சில் வார்க்கிறேன் என்று கிளம்பிச் சறுக்கினார். அச்சே நூற்றுக்கணக்கான வார்ப்பிரும்புத் துண்டுகள். அதை வாங்கி எந்த மேசனுக்குக் கட்டுபடியாகும்? சில வீடுகளோடு சரி.

எடிசனை விடுங்கள். சின்ன வயதில் நான் பின்னால் சுற்றிய ஒரு அண்ணை, தியேட்டர் ஒப்பரேற்றர். படம் அறுந்தால் சனம் விசிலடிக்கும், அவருக்குக் கை நடுங்காது. பிளேட்டால் ஃபிலிமின் மருந்துப் படையைச் சுரண்டுவார், தூரிகையால் ஒரு தடவல், உடனே ஒரு அமத்தல். அந்தத் திரவத்துக்கும் சீமெந்து என்றுதான் பெயர். உண்மையில் அது பசை இல்லை. இரண்டு நுனியையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். சுரண்டல் குறைந்தால் பிடிக்காது, கூடினால் அந்த இடம் மெலிந்து மறுபடி அறும். தடவிவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால் திரவம் காய்ந்துவிடும்.

தியேட்டர் மூடியபிறகு அவர் கோயில் சுதை வேலைக்காரரோடு போய், சிவப்புச் சீமெந்துத் தரை போடுகிறவராகத் திரும்பி வந்தார். 90களில் போர், வன்னிக்குள் சீமெந்து வரத் தடை. அப்புறம் என்ன, மண்ணெண்ணெய் ஜெனரேற்றரில் வீடியோ டெக் போட்டுப் படம் காட்டினார். ஏ9 வீதி திறந்ததும் மறுபடி கரண்டியை எடுத்தார். வன்னியில் முப்பது வருசம் ஒரே தொழிலில் இருந்த ஒருவரை எனக்குக் காட்டுங்கள், பார்ப்போம்.

அவர் தரை போடும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். மேலே மினுங்கும் தண்ணீர் வற்றும்வரை கரண்டி தொடமாட்டார். அந்தத் தண்ணீரை உள்ளே தேய்த்தால் மேற்பரப்பு பலமிழந்து பிறகு மாப்போல உதிரும். பெருவிரலால் அமத்துவார், விரல் புதையாமல் தடம் மட்டும் விழுந்தால் "இப்ப" என்பார். ஃபிலிமை அமத்தும்போதும் அதே "இப்ப"தான். எங்கள் வீட்டு விறாந்தையை வேறொருவர் அவசரத்தில் போட்டார். இன்றைக்கும் கூட்டினால் சிவப்புத் தூள் வரும்.

உங்கள் அச்சுக்கும் அந்த "இப்ப" உண்டு: முந்தினால் புதையும், பிந்தினால் பதியாது. எடிட் பண்ணும்போது எங்கே வெட்டுவது என்று உங்கள் கைக்குத் தெரிவதும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். ஒன்றை விட்டால் மற்றதும் கொஞ்சம் மொட்டையாகும்.

ஒரு மனக்குறை. பரந்தன் முற்றத்துக்கு எதற்கு இத்தாலிக் கல் வேசம்? அதுவும் கருஞ்சாம்பல் நிறத்தில்! சித்திரை வெயிலில் அதில் வெறுங்காலோடு நடந்து பார்த்தீர்களா? வெளிர் நிறமாகப் போடுங்கள். சாயம் சீமெந்தின் எடையில் பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு கலவைக்கும் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். தண்ணீர் கூடிய கலவை வெளிறித் தனியாகத் தெரியும். வன்னி வெயிலில் விடியற்காலையில் தொடங்கி, முடிந்ததும் ஏழு நாள் ஈரம் காயவிடாதீர்கள். வாடிக்கையாளர் மூன்றாம் நாளே மோட்டார்சைக்கிளை ஏற்றுவார், சண்டை பிடியுங்கள்.

நாட்கணக்குத்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல். ஆடியில் கல்யாணம் இல்லை, மழையும் இல்லை, வெளித்தரையை அப்போது முடித்துவிடுங்கள். ஆவணியில் வீடியோ. ஐப்பசி பிறந்தால் மழை. பூச்சாடியைக் கொட்டிலுக்குள் வைத்து வார்க்கலாம். மார்கழியில் கல்யாணமும் இல்லை, முற்றமும் காயாது. அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அந்தத் தண்டவாளத்தை எப்படிச் செய்தீர்கள் என்று.