ஊர் பசங்களும் காலனி பசங்களும் ஒரு மீட்டிங் போட்டா பேசிப்பாங்களா?

பள்ளிகொண்டா பக்கம் ஒருத்தர் கேட்டிருக்கீங்க, ரெண்டு தரப்பு பசங்களும் ஒரே பஸ்ல ஸ்கூல் போறாங்க, ஆனா பேசிக்கறதே இல்ல, மீட்டிங் போட்டா சரியாகுமான்னு.

மீட்டிங் மட்டும் போட்டா ஒண்ணும் ஆகாதுங்க. கார்டன் ஆல்போர்ட்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1954லயே எழுதிட்டாரு, சும்மா பக்கத்துல இருந்தா வெறுப்பு போகாது, சம அந்தஸ்து வேணும், சேர்ந்து செய்யற வேலை வேணும், மேல இருக்கறவங்க சப்போர்ட் வேணும்னு. அவரு சொன்னது அங்க வெள்ளையர், கறுப்பர் கதை, ஆனா நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்துது. 2006ல 515 ஆய்வுங்கள ஒண்ணா வெச்சு பாத்தப்பவும் பழகப் பழக வெறுப்பு குறையுதுன்னுதான் வந்துச்சு.

அதனால கிரிக்கெட் வைங்க, ஆனா ஊர் டீம் காலனி டீம்னு பிரிச்சீங்கன்னா போச்சு (பொங்கலுக்கு நடக்கற அடிதடி பாதி இதுலதான்), சீட்டு குலுக்கி கலந்து போடுங்க. இடம் ரொம்ப முக்கியம், கோயில் திடல்னா காலனி பசங்க விருந்தாளி மாதிரி ஓரமா நிப்பாங்க, பாலாத்து மணல் யாருக்கும் சொந்தமில்ல. ஜாதி பத்தின பேச்சை முதல் நாளே எடுக்காதீங்க, தண்ணி பாட்டில் கை மாறட்டும், அப்புறம் அவங்களே கேட்டுப்பாங்க. ஹெச்எம் மாதிரி ஒருத்தர் மட்டும் பின்னாடி நிக்கணும், இல்லன்னா முதல் சண்டையிலயே பெருசுங்க பூந்து கலைச்சுடுவாங்க.