மாரா நதிக்கரை விடுதிக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் கோவையில் தனியார் நிறுவனங்களில் பணிபுரிகிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 1.6 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு 75,000, வீட்டுக்கடன் தவணை 25,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. 25,000 போகிறது. வங்கி வைப்பில் 9 லட்சம் இருக்கிறது. வரும் செப்டம்பர் காலாண்டு விடுமுறையில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில், நதிக்கரை விடுதி ஒன்றில் மூன்று இரவுகள் தங்கிவர 11.5 லட்சம் ஆகும் என்கிறார் பயண முகவர். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8. மகனுக்கு 9 வயதானால் அவனுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு, ஆகவே இந்த ஆண்டே போய்விடுங்கள் என்றும் சொல்கிறார். குறையும் 2.5 லட்சத்தைத் தனிநபர் கடனாக வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தைத் தர வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அதை நான் தடுக்கப் போவதில்லை. அவசரத்துக்குக் காட்டப்படும் காரணம்தான் கணக்கில் நிற்கவில்லை.

மசாய் மாரா தேசியக் காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர்; அதற்குக் கீழ் கட்டணம் இல்லை. ஆக, மகனுக்கு 9 வயதாவதால் மூன்று நாளுக்குக் கூடுவது 150 டாலர். டாலரை 90 ரூபாயாக வைத்துக்கொண்டால் 13,500 ரூபாய். இதை மிச்சப்படுத்துவதற்காக 2.5 லட்சத்தை 13 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடனாக வாங்கினால், வட்டி மட்டுமே ஏறத்தாழ 53,000 ரூபாய் ஆகும்.

அதோடு, அதே பயணத்தை ஜனவரிக்கு மாற்றிப் பாருங்கள். செப்டம்பரில் மகனுக்குக் கட்டணமே இல்லாமல் குடும்பத்துக்கு 1,350 டாலர் ஆகிறது. ஜனவரியில் மகனுக்கும் சேர்த்துக் கட்டினாலும் 900 டாலர்தான். பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் விடுப்புச் சேர்த்தால் போதும். ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் எனும் பெரிய மான்கள் கூட்டம் கூட்டமாக மாரா நதியைக் கடக்கும் காட்சி ஜனவரியில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் செப்டம்பரிலும் நீங்கள் தங்கும் மூன்று நாளுக்குள் அவை கடக்கும் என்று எந்த விடுதியும் உறுதி தர முடியாது. கரையில் உட்கார்ந்தபடியே பார்க்கும் நீர்யானைகளும் முதலைகளும் ஆண்டு முழுவதும் அங்கேதான் இருக்கின்றன. நதி கடப்பதைப் பார்ப்பதே மகளின் கனவு என்றால் செப்டம்பரையே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது அடுத்த ஆண்டுச் செப்டம்பராக இருக்கட்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வைப்பில் உள்ள 9 லட்சம் முழுவதும் பயணப் பணம் அன்று. இருவரும் தனியார் வேலையில் இருப்பதால் ஆறு மாத வீட்டுச் செலவான 4.5 லட்சத்தைத் தொடவே கூடாது. வீட்டுக்கடன் தவணையையும் சேர்த்தால் அந்தத் தொகை 6 லட்சமாக இருப்பதே எனக்கு நிம்மதி. மாதம் மிஞ்சும் 35,000 ரூபாயில் 30,000ஐ ஜூன் முதல் டிசம்பர் வரை தொடர் வைப்பில் போட்டால் 2.1 லட்சம் சேரும். குறைந்தபட்சமான 4.5 லட்சத்தை மட்டும் ஒதுக்கினால், மீதி 4.5 லட்சத்தோடு சேர்த்து 6.6 லட்சம். எஸ்.ஐ.பி.யை நிறுத்தாமல், இந்தத் தொகைக்குள் ஜனவரிப் பயணத்துக்கு மதிப்பீடு கேளுங்கள். அதற்குள் அடங்காவிட்டால் 2028 பொங்கல் வரை சேமியுங்கள். அப்போது கையில் 10 லட்சத்துக்கு மேல் இருக்கும்.

மதிப்பீட்டை வாங்கியதும் விடுதி வாடகையில் எதெல்லாம் அடங்கும் என்பதை வரிவரியாகப் பாருங்கள். நதிக்கரைக் கூடாரங்கள் பலவற்றுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு காவலர் துணையில்லாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குக்கூட நடக்க விடமாட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளையைத் தனிக் கூடாரத்தில் படுக்க வைக்க முடியாது என்பதால், இரண்டு அறைகள் சேர்ந்த குடும்பக் கூடாரத்துக்கு வாடகை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். நுழைவுச் சீட்டு 12 மணி நேரத்துக்குத்தான் செல்லும். காப்பகத்துக்குள் தங்குபவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் விழும். திரும்பும் விமானத்தின் நேரத்தை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

பயணத் தொகுப்புக்கு முகவர் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.சி.எஸ். 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அது செலவு அன்று. உங்கள் பெயரில் வரித்துறைப் பதிவில் வந்துவிடும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பணம் கட்டுபவரின் பான் எண் சரியாகப் பதிவாகிறதா என்று மட்டும் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் நால்வரும் போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். கோவையிலிருந்து சென்னை சென்றுவரும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக, நதிக்கரை என்பதற்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. 2024 மே 1 அன்று தலேக் ஆறு கரைபுரண்டதில் மாராவின் பல விடுதிகள் மூழ்கி, சுற்றுலாப் பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. அது நீண்ட மழைக்காலம். ஜனவரியில் அந்த அளவுக்கு அச்சமில்லை. ஆனாலும் வெள்ளத்தால் விடுதி மூடப்பட்டால் முன்பணம் திரும்புமா, தேதியை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் தவணையைக் கட்டுங்கள்.