வாசகர் கேள்வி–பதில்: தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் விட

கேள்வி (கோவில்பட்டி): வ.உ.சி. "கப்பல் வாங்கினார்" என்றுதான் பள்ளியில் படித்தோம். 1906இல் ஒரு கப்பல் கம்பெனி தொடங்க உண்மையில் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது?

கப்பல் கடைசியில்தான் வந்தது. முதலில் பதிவும் பங்கும். சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. தலைவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. அந்த மனிதரின் பெயரை நம் ஊர்களில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது வாடகைக் கப்பல். கையில் பணம் சேரும்வரை காத்திருந்தால் வியாபாரிகளின் ஆர்வம் ஆறிவிடும் என்பதால், பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டினார்கள். இதில் உள்ள ஆபத்து, கப்பல்காரர் மனம் மாறினால் அன்றே சேவை நின்றுவிடும். அப்படித்தான் நடந்தது. அதே தடத்தில் கப்பல் ஓட்டிய ஆங்கிலக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் நெருக்குதலில் ஷா லைன் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வ.உ.சி. இலங்கையிலிருந்து ஒரு சரக்குக் கப்பலை வாடகைக்குப் பிடித்து இடைவெளியை அடைத்தார். சொந்தக் கப்பல் இல்லாமல் இனிப் பிழைக்க முடியாது என்பது அப்போது உறுதியாகிவிட்டது. 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களும் 1907இல் வந்து சேர்ந்தன.

கேள்வி (காயல்பட்டினம்): காலியாவில் 1,300 பேரும் 4,000 மூட்டையும் ஏற்றலாம் என்று படித்தேன். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் ஆழமான துறைமுகமே கிடையாதே, எப்படி ஏற்றினார்கள்?

எல்லாம் தோணியில்தான். தூத்துக்குடிக் கரையோரம் கடல் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் ஐந்து மைலுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆழ்கடல் துறைமுகம் வந்தது 1970களில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூட்டை ஒன்று 75 கிலோ என்று வைத்தால் 4,000 மூட்டை என்பது 300 டன். ஒரு தோணிக்கு 200 மூட்டை என்றால் இருபது நடை. விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்புவது தோணிக்காரர் கணக்கு. ஆகவே ஒரு தோணி ஒரு நாளில் ஒரு நடைக்கு மேல் அடிப்பது கஷ்டம். கப்பலை ஒரே நாளில் நிரப்ப இருபது தோணிகளை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தோணிகளைப் பிடித்து வைத்திருப்பவன் கையில் கப்பலின் புறப்பாட்டு நேரமும் இருந்தது.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓங்கும் மாதங்களில் போவது சுலபம், திரும்புவது பெரும்பாடு. வாடைக் காலத்தில் அலை ஏறினால் தோணி கப்பலின் பக்கவாட்டில் மோதும்; கவனக்குறைவாக வின்ச் (கப்பலில் சுமை தூக்கும் இயந்திரம்) இழுத்தால் கயிற்றுப் பின்னலில் தொங்கும் மூட்டைகள் தோணி விளிம்பில் அடித்துக் கிழியும். நனைந்த அரிசிக்கு நஷ்டஈடு யார் கொடுப்பது? அதனால்தான் கப்பலில் மூட்டை ஏறியதும் கப்பல் அதிகாரி எண்ணிப் பார்த்து ரசீது எழுதுவார். "மூன்று மூட்டை நனைவு, ஒன்று கிழிசல்" என்று அதில் குறித்துவிட்டால் பொறுப்பு தோணியோடு நின்றது. குறிக்காமல் கையெழுத்துப் போட்டால் கொழும்பில் கம்பெனி பணம் கட்ட வேண்டும். புதிய கம்பெனிகள் காசை இழந்த இடங்களில் இது முக்கியமானது.

பயணிகள் எண்ணிக்கையையும் கவனியுங்கள். முதல் வகுப்பு 42, இரண்டாம் வகுப்பு 24, மீதி 1,300 பேரும் சாதாரண வகுப்பு. இலங்கைக்குப் பிழைக்கப் போன ஏழை எளிய ஜனங்களின் காசில் ஓட வேண்டிய கப்பல் அது.

கேள்வி (மதுரை): ஒரு நடைக்கு எவ்வளவு நிலக்கரி பிடிக்கும்? இயந்திரத்தில் என்ன கோளாறு வரும்?

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் 15 மணி நேரம். மாலையில் கிளம்பினால் மறுநாள் காலையில் கொழும்பு.

நீராவியை மூன்று உருளைகளில் அடுத்தடுத்து விரியவிட்டு ஓடும் அந்தக் காலத்து மும்மடி விரிவு இயந்திரம் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு நிலக்கரி தின்னும். 1,000 குதிரைசக்தியில் ஓடும் கப்பலுக்கு 15 மணி நேரத்தில் ஏறக்குறைய 12 டன். துறையில் நிற்கும்போது வின்ச் ஓட்டவும் நீராவி வேண்டும், அது தனி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வேகத்தை 10இலிருந்து 12 நாட்டுக்கு ஏற்றினால் பயணம் இரண்டரை மணி நேரம் குறையும். நிலக்கரியோ 12 டன்னிலிருந்து 17 டன்னாகும். போட்டிக் கப்பலை முந்த வேண்டும் என்று அடுப்பைக் கிளறுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுவார்கள்.

கோளாறுகளில் கொடியது கொதிகலனுக்குள் உப்புத் தண்ணீர் நுழைவது. நீராவியைக் குளிர்வித்து மறுபடி நீராக்கும் கண்டென்சரில் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள்; அவற்றுக்குள் கடல்நீர் ஓடும், வெளியே நீராவி. ஒரு குழாய் கசிந்தால் போதும், உப்பு கொதிகலனுக்குப் போய் அடுப்பின் மேற்தகட்டில் ஓடு கட்டும். ஓடு கட்டிய இடத்தில் தண்ணீர் படாது, தகடு சிவக்கப் பழுத்து உள்வாங்கும். பொறியாளர் கொதிகலன் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுவார். தண்ணீர் பாலாக வெளுத்தால் உப்பு ஏறிவிட்டது. கசிகிற குழாயைத் தேடி இரு முனையிலும் அடைக்க வேண்டும்.

இன்னொன்று, வங்காள நிலக்கரியில் சாம்பல் அதிகம். அது உருகிக் கட்டியாகிக் கம்பிகளுக்கிடையே காற்றை அடைக்கும். ஒரு வேலைமுறைக்கு (வாட்ச்) ஓர் அடுப்பு என்று மாற்றி மாற்றிச் சுத்தம் செய்யாமல், எல்லா அடுப்பையும் ஒரே நேரத்தில் கிளறினால் நீராவி அழுத்தம் சரிந்து கப்பலின் வேகம் விழும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): தபால் ஒப்பந்தம் கப்பல் கம்பெனிக்கு ஏன் அவ்வளவு பெரிது? கடிதப் பைகள் எவ்வளவு இடம் பிடித்துவிடும்?

இடம் கொஞ்சம்தான். காசுதான் பெரிது. சரக்குக் கூலி சரக்கு இருந்தால் மட்டுமே வரும். அரசு தரும் தபால் மானியம் கப்பல் காலியாகப் போனாலும் வரும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் மூலமே 1856இல் கல்கத்தா–ரங்கூன் தபால் ஒப்பந்தத்துக்காகத் தொடங்கிய ஒரு சிறு கம்பெனி. அரை நூற்றாண்டு அரசுப் பணத்தின் மேல் நின்று வளர்ந்த கம்பெனி அது. எதிரே நின்றவர்களுக்குப் பங்குதாரரின் 25 ரூபாய்கள் மட்டுமே.

ஒப்பந்தத்தில் சுமையும் உண்டு: குறித்த நாள், குறித்த நேரம், தாமதத்துக்கு அபராதம். ஒரு கப்பல் பழுதானால் இன்னொன்று தயாராக நிற்க வேண்டும். இரண்டே கப்பல் வைத்திருப்பவர்களுக்கு அது எட்டாக் கனி.

கேள்வி (சேலம்): இனாமாகப் பயணமும் கூடவே ஒரு குடையும் கொடுத்தார்களாமே, உண்மையா?

ஆம், அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. முதலில் ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது (அரை ரூபாய்). அதன்பின் ஆங்கிலக் கம்பெனி இலவசப் பயணமும் குடையும் கொடுத்தது.

எட்டணாக் கட்டணத்தில் 1,300 பேரும் நிரம்பினாலும் சாதாரண வகுப்பு வரவு 650 ரூபாய். அதில் நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், தோணிக் கூலி எல்லாம் அடங்க வேண்டும். பத்துத் துறைமுகங்களில் லாபம் பார்க்கிறவன் ஒரு துறைமுகத்தில் நஷ்டப்படலாம். ஒரே வழித்தடத்தை நம்பியவன் எத்தனை நாள் தாங்குவான்? 1890களில் டாடா, பி அண்டு ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்கு எதிராகத் தொடங்கிய கப்பல் சேவையும் இதே கட்டணப் போரில்தான் மூழ்கியது. நிர்வாகக் குறையால் சுதேசிக் கம்பெனி கவிழ்ந்தது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. பங்கு கேட்டு ஊர் ஊராகப் போக ஆளில்லாமல் போனது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் வெளியே வந்தது 1912 டிசம்பரில்.

கேள்வி (இராமநாதபுரம்): போட் மெயில் தூத்துக்குடிக்குத்தான் முதலில் ஓடியதா?

ஆம். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து இரவுக் கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் தடம் தனுஷ்கோடிக்கு மாறியது. அங்கிருந்து தலைமன்னார் வெறும் 22 மைல். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற கப்பல்கள் ஓடின. 15 மணி நேரக் கடல் சில மணி நேரமாகச் சுருங்கியது. தூத்துக்குடியின் கொழும்புப் பயணிகள் கூட்டம் அதோடு கலைந்தது. சரக்குத் தோணிகள் மட்டும் தொடர்ந்து போய்வந்தன.