இன்சுலின் ஏற்பியை அளக்குமுன் மோனோசைட்டை எண்ணுங்கள்

கேள்வி: முதுநிலை ஆய்வுக்காக, ஃபைக்காலில் (ரத்த அணுக்களை அடர்த்திப்படி பிரிக்கும் கரைசல்) பிரித்த வெள்ளையணுக்களில், கதிரியக்க அயோடின்-125 ஏற்றிய இன்சுலின் கொண்டு இன்சுலின் ஏற்பியை, அதாவது அணுவின்மேல் இன்சுலினைப் பிடிக்கும் புரதத்தை, அளக்கிறேன். ஒரே ஆளின் ரத்தத்திலேயே இந்த வாரப் பிணைப்பு (அணுக்களில் ஒட்டிய இன்சுலின்) போன வாரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. தவறு எங்கே?

பதில்: ஏற்பி கூடிவிட்டது என்று முடிவுகட்டுமுன், குழாயில் எந்த அணு எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். ஃபைக்கால் அடுக்கில் லிம்ஃபோசைட்டோடு மோனோசைட்டும் வரும்; இரண்டும் வெள்ளையணு வகைகள். மோனோசைட்டின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை. ஓய்வில் இருக்கும் லிம்ஃபோசைட்டில் இன்சுலின் ஏற்பி மிகக் குறைவு; தூண்டிவிட்ட டி வகை லிம்ஃபோசைட்டுகளில்தான் அது கணிசமாகத் தோன்றும். ஆக, நீங்கள் அளக்கும் பிணைப்பில் பெரும்பங்கு மோனோசைட்டுடையது. 1975-லேயே இது தெளிவாகிவிட்டது. இருந்தும் மொத்த அணு எண்ணிக்கையால் வகுக்கும் பழக்கம் விடவில்லை. மோனோசைட் ஒரு நாள் 10 சதவீதம், மறுநாள் 20 சதவீதம் என்றால், ஓர் ஏற்பிகூட மாறாமலே விடை இரட்டிக்கும்.

எனவே ஒவ்வொரு மாதிரியிலும் கொஞ்சம் ஒதுக்கி, மோனோசைட்டின் அடையாளப் புரதமான சிடி14-க்கு எதிர்ப்பொருளிட்டு, ஃப்ளோ சைட்டோமீட்டரில் (அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி) எண்ணுங்கள். அந்த வசதி இல்லையா, மோனோசைட்டை நிறத்தால் காட்டும் எஸ்டரேஸ் சாயமே போதும். பிணைப்பை மோனோசைட் எண்ணிக்கையால் வகுத்து விடையை எழுதுங்கள்.

மோனோசைட் வழியிலும் தொலையும். பாலிஸ்டைரீன் குழாயில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் குழாய், கால்சியம் இல்லாத கழுவுநீர் இரண்டும் உதவும். ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைக்காமல், அறை வெப்பத்திலேயே சீக்கிரம் பிரியுங்கள்: சம அளவு உப்புக்கரைசலில் கலந்து, 1.077 அடர்த்தி ஃபைக்கால்மேல் மெதுவாக ஊற்றி, மையவிலக்கியில் 400 ஜி (புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு) விசையில் 30 நிமிடம் சுழற்றுங்கள். நிறுத்தும்போது பிரேக் போடாதீர்கள், அடுக்கு கலைந்துவிடும். பிறகு 200 ஜியில் 10 நிமிடம் கழுவினால் பிளேட்லெட் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும். சிவப்பணு கலந்திருந்தால் அதையும் நீக்குங்கள். அதுவும் இன்சுலினைப் பிடிக்கும்.

பிணைப்பை 15 டிகிரியில், பிஎச் 8.0-இல் நடத்துங்கள். 37 டிகிரியில் இன்சுலின் சிதையும், ஏற்பியும் அணுவுக்குள் போய்விடும். மிகுதியான சாதா இன்சுலின் சேர்த்த இணைக்குழாயின் அளவைக் கழிக்க மறக்காதீர்கள்; அது ஏற்பியில் அல்லாமல் வேறிடத்தில் ஒட்டியதைக் காட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேறுபாடு நின்றால்தான் ஆளைப் பார்க்கவேண்டும். ரத்தத்தில் இன்சுலின் நெடுநேரம் கூடுதலாக இருந்தால் ஏற்பி உண்மையாகவே குறையும். அதனால் வெறும்வயிற்றில், ஒரே நேரத்தில், உடற்பயிற்சிக்கு முன் ரத்தம் எடுங்கள்.

இதே அணுக்களில் அட்ரினலினின் பீட்டா-2 ஏற்பியை அளப்பவர்களுக்கு மோனோசைட் கணக்கு மட்டும் போதாது. உடற்பயிற்சியின்போது, அந்த ஏற்பி அதிகமுள்ள என்.கே. அணுக்கள் (இன்னொரு வகை லிம்ஃபோசைட்) ரத்தத்தில் பெருகும்; அவற்றை அவற்றின் அடையாளப் புரதமான சிடி56 கொண்டு தனியே எண்ணவேண்டும்.