ராத்திரி இரண்டே இட்லி, காலையில் 165 ஏன்?

கேள்வி: எனக்கு வயது 52. ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். ராத்திரி இரண்டு இட்லிதான். படுக்கும்போது 140 இருப்பது, காலையில் வெறும் வயிற்றில் 165 ஆகிவிடுகிறது. சாப்பிடாத நேரத்தில் சர்க்கரை எப்படி ஏறும்? இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடட்டுமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: விடாதீர்கள், அம்மா. அந்த ஏற்றத்துக்குக் காரணம் இட்லி இல்லை, உங்கள் கல்லீரல்.

நம் ரத்தம் முழுவதிலும் சேர்த்துச் சுமார் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் குளுக்கோஸ்தான் இருக்கும். தூங்கும்போதும் மூளைக்கு அது வேண்டும். அதனால் கல்லீரல் ராத்திரி முழுக்க, மணிக்கு ஏறக்குறைய 8 கிராம் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அளவு மீறாமல் அதை அடக்கி வைப்பது இன்சுலின். டைப் 2 நீரிழிவில் கல்லீரல் அந்த அடக்கத்துக்குச் சரியாகக் கட்டுப்படாது. கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டக் கணையத்துக்கும் தெம்பு போதாது. விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் இரண்டும் கல்லீரலை இன்னும் தூண்டும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இது உண்டு; அவர்களுக்கு இன்சுலின் கூடிச் சரிக்கட்டிவிடும்.

பட்டினி கிடந்தால் இது நிற்காது. அதோடு, கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. வயிறு காலியாக இருந்தால் நடுராத்திரியில் லோ சுகர் ஆகலாம். எங்களுக்குக் கவலை இதுதான். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து மீட்டர் 70க்குக் கீழே காட்டினால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்குக் கூப்பிட வேண்டும்.

மூன்று நாள் மட்டும் படுக்கும்போது, 3 மணிக்கு, எழுந்ததும் என்று சுகர் பார்த்து எழுதிவையுங்கள். தண்ணீர் பிடிக்க விடியுமுன்னே எழுகிற வீடுகளில் 3 மணி பெரிய சிரமமில்லை. 3 மணிக்கு நன்றாக இருந்து விடியும்போது ஏறினால் மேலே சொன்ன காரணம்தான். 3 மணிக்கே 70க்குக் கீழே என்றால் மாத்திரை அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இரவு சாப்பிட்டதும் 15 நிமிடம் நடங்கள்; வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். காலைச் சோதனையைக் காபி, டீக்கு முன்பே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு செய்யுங்கள். பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். கடலோரக் காற்றின் ஈரத்தில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். ஒன்றை எடுத்ததும் டப்பாவை மூடிவிடுங்கள்.