கார்டு வந்துடுச்சு, பணம் எங்க?

மாற்றுத்திறனாளி உதவித்தொகை பத்தி வந்த கடிதங்கள்ல இருந்து கொஞ்சம் எடுத்து இந்த தடவை பதில் சொல்றேன். நான் ஆபீசரும் இல்ல வக்கீலும் இல்ல, சின்ன வயசுல போலியோ வந்து இடது கால் போனவன், முப்பது வருஷமா இந்த வரிசைகள்ல நின்னு நின்னு கத்துக்கிட்டதுதான் எல்லாம்.

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு, பிறவியிலயே மூளை முடக்குவாதம். யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வந்து எட்டு மாசம் ஆச்சு, 80 சதவீதம்னு போட்டிருக்கு. இன்னும் ஒரு ரூபா கூட பேங்க்ல ஏறல. கார்டு வந்தா பணம் தானா வரும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்களே? (ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்)

பதில்: தானா வராதும்மா. எட்டு மாசம் காத்திருந்துட்டீங்களேன்னு படிக்கும்போதே வருத்தமா இருந்துச்சு, ஏன்னா இதே தப்பை பண்றவங்க ஏகப்பட்ட பேர். கார்டு வேற, காசு வேற. கார்டுங்கறது உங்க பையனுக்கு இன்ன குறைபாடு இருக்கு, இத்தனை சதவீதம்னு டாக்டருங்க கொடுத்த சாட்சி, அவ்ளோதான். அதை கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு உதவிக்கும் தனித்தனி கதவைத் தட்டணும், ஒரு ஆபீஸ்ல கொடுத்த பேப்பர் இன்னொரு ஆபீசுக்கு நடந்து போகாது.

உங்க பையன் விஷயத்துல முதல்ல போக வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலயே இருக்கும். அங்க பராமரிப்பு உதவித்தொகைன்னு கேளுங்க, இந்த வார்த்தையை அப்படியே சொல்லணும், சும்மா "பென்ஷன்"னு சொன்னா தாலுகா ஆபீசுக்கு போங்கன்னு திருப்பி விட்டுடுவாங்க. கடுமையா பாதிக்கப்பட்டவங்க அதாவது 75 சதவீதத்துக்கு மேல உள்ளவங்க, அறிவுசார் குறைபாடு உள்ளவங்க, தசைச்சிதைவு நோய் உள்ளவங்க, தொழுநோயால பாதிக்கப்பட்டவங்க, முதுகுத்தண்டுவடம் அடிபட்டவங்க இப்படி சில பிரிவுகளுக்கு மாநில அரசு கொடுக்கறது இது. 2023 ஜனவரியில இருந்து மாசம் 2,000 ரூபாய். 80 சதவீதம்னா உங்க பையன் தாராளமா இதுக்குள்ள வர்றான்.

தாலுகா ஆபீஸ் வழியா வருவாய்த்துறை கொடுக்கற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேற, அது 2023-ல 1,500 ஆச்சு. ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது, ஏதாவது ஒண்ணுதான், அதனால 2,000 கிடைக்கற தகுதி இருந்தா அதுக்கே போங்க. யுடிஐடி கார்டு, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ எல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு போங்க. மனு கொடுத்ததுக்கு ரசீது வாங்காம வராதீங்க, அடுத்த மாசம் போய் நின்னா "எப்ப கொடுத்தீங்க"ன்னுதான் முதல் கேள்வி வரும். காத்திருப்போர் பட்டியல் இருந்தா உங்க நம்பர் என்னன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. பணம் வர ஆரம்பிச்ச பிறகு வாழ்நாள் சான்று கேட்பாங்க, அதை கொடுக்கலன்னா நிறுத்திடுவாங்க, அந்த தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.

இன்னொன்னு, இது நிறைய பேருக்கு தெரியாது. நிராமயான்னு ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கு, மத்திய அரசோட தேசிய அறக்கட்டளை நடத்தறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு இந்த நாலுக்கு மட்டும். வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், சேர்றதுக்கு முன்னாடி மெடிக்கல் டெஸ்ட் எதுவும் கிடையாது, தெரபி செலவையும் ஒரு வரம்பு வரைக்கும் கேட்கலாம். உங்க பையனுக்கு தெரபிக்கே மாசாமாசம் காசு கரையும்னு எனக்கு தெரியும், அதனால இதை தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: லேத் பட்டறையில வேலை செய்யும்போது இரும்புத் துண்டு தெறிச்சு ஒரு கண்ணு சுத்தமா போச்சு. இன்னொரு கண்ணு நல்லா தெரியுது. ஆஸ்பத்திரியில 30 சதவீதம்தான் போட்டாங்க. ஒரு கண்ணே போச்சு, 50 சதவீதம் தானே சார் நியாயம்? அப்பீல் பண்ணலாமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: உங்க கணக்கு மனசுக்கு நியாயமா தெரியும் தம்பி, ஆனா டாக்டர் உங்களை ஏமாத்தல. மத்திய அரசோட மதிப்பீட்டு விதியிலயே அப்படித்தான் இருக்கு. நல்ல கண்ணோட பார்வை 6/18 வரைக்கும் (மத்தவங்க 18 மீட்டர்ல படிக்கறதை 6 மீட்டர்ல படிக்கற அளவு) இருந்து இன்னொரு கண்ணு முழுசா போயிருந்தா 30 சதவீதம். மொத்தமா ஒரு ஆளுக்கு எவ்ளோ பார்வை மிச்சம் இருக்குன்னு பார்க்கறாங்களே தவிர கண்ணை எண்ணி பாதியா வகுக்கறதில்ல. வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு மாதிரி முக்கியமான சலுகைக்கெல்லாம் 40 சதவீதம்தான் கோடு, அதை உங்களால இதை மட்டும் வச்சு தொட முடியாது. அப்பீல் போனாலும் அதே பட்டியலைத்தான் எடுத்து வைப்பாங்க, அலைச்சல்தான் மிச்சம்.

ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு வேற ஏதாவது பழைய குறைபாடு இருக்கா? பட்டறை வேலைன்னு எழுதியிருக்கீங்க, விரல் போயிருக்கா, சத்தத்துல காது மந்தமாயிருக்கா? இருந்தா அதையும் சேர்த்து மதிப்பீடு பண்ணச் சொல்லி கேட்கலாம். ரெண்டையும் சும்மா கூட்ட மாட்டாங்க, அதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. பெரிய சதவீதத்தை 90-ல இருந்து கழிச்சு, மிச்சத்தை சின்ன சதவீதத்தால பெருக்கி, 90-ஆல வகுத்து, வர்றதை பெரியதோட கூட்டணும். உங்களுக்கு கண்ணுக்கு 30, விரலுக்கு 15 வந்துச்சுன்னா 90-ல 30 போக 60, அதை 15-ஆல பெருக்குனா 900, 90-ஆல வகுத்தா 10, ஆக மொத்தம் சரியா 40. அந்த 15 சதவீதம் உங்களுக்கு எவ்ளோ பெரிய வித்தியாசம்னு பாருங்க. எதுவும் இல்லன்னா விட்டுடுங்க, இல்லாததை இருக்கறதா சொல்லப் போகாதீங்க.

இன்னொன்னு, வேலையில நடந்த விபத்துன்னு சொல்றீங்க. அதுக்கு முதலாளிகிட்ட இருந்து நஷ்டஈடு கேட்கறதும், இஎஸ்ஐ-ல (தொழிலாளர் காப்பீடு) இருந்தா அங்க ஊனப் பலன் கேட்கறதும் தனி வழி, அதுக்கு இந்த 40 சதவீதக் கோடு கிடையாது. இந்த 30 சதவீதத்தை நினைச்சு அதை மறந்துடாதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பக்கவாதம் வந்து வலது பக்கம் வரல. உடனே குறைபாட்டுச் சான்றுக்கு அப்ளை பண்ணலாமா? ஆன்லைன்ல எப்படி போடணும்? (ஒரு மகன், சேலம்)

பதில்: கொஞ்சம் பொறுங்க. நரம்பு சம்பந்தப்பட்ட பாதிப்புன்னா பொதுவா ஆறு மாசம் கழிச்சுதான் மதிப்பீடு பண்ணுவாங்க, ஏன்னா பிசியோதெரபியில எவ்ளோ திரும்பி வருதுன்னு பார்க்கணும். இந்த நாலு மாசத்துல நீங்க செய்ய வேண்டியது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், பிசியோ சீட்டு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல தேதி வாரியா போட்டு வைக்கறது. அப்பறம் முதல் தடவை தற்காலிக சான்று கொடுத்தா பதறாதீங்க, குணமாக வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் நினைச்சா ஒரு காலக்கெடு போட்டுத்தான் கொடுப்பாரு. அது முடியறதுக்குள்ள திரும்ப போகணும்.

அப்ளை பண்றது ஸ்வாவ்லம்பன்ங்கற மத்திய அரசு வெப்சைட்ல. 2021 ஜூன்ல இருந்து சான்றிதழ் கொடுக்கறது அது வழியா மட்டும்தான், கையால எழுதிக் கொடுக்கற காலம் போச்சு. போட்டோ, கையெழுத்து இல்லன்னா கைரேகை, ஆதார், முகவரிச் சான்று அப்லோடு பண்ணி, எந்த ஆஸ்பத்திரின்னு தேர்ந்தெடுத்து, வர்ற பதிவு எண்ணை பத்திரமா வச்சுக்கணும். மொபைல் வசதி இல்லாதவங்க இ-சேவை மையத்துல போடலாம். ரெண்டு இடத்துலதான் எல்லாரும் சறுக்கறாங்க. ஒண்ணு, ஆதார்ல உள்ள பேர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கணும், இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்கறது கூட அப்பறம் பேங்க்ல பணம் ஏறும்போது தகராறு பண்ணும். ரெண்டாவது, போன் நம்பர். கடைக்காரர் அவர் நம்பரை போட்டு விட்டுடுவாரு, மெசேஜ் எல்லாம் அவருக்குப் போகும், நீங்க வீட்ல உட்கார்ந்து ஒண்ணும் வரலையேன்னு பார்த்துக்கிட்டு இருப்பீங்க.

ஆஸ்பத்திரிக்கு கூப்பிடும்போது அப்பாவோட சிரமம் என்னன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. நம்ம ஆளுங்க டாக்டரைப் பார்த்ததும் "பரவால்ல சார், ஓரளவுக்கு நடக்கறேன்"னு கெத்து காட்டுவாங்க. என் மாமா அப்படித்தான் ஒரு தடவை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நாலு அடி நடந்தே காட்டினாரு, வீட்ல பாத்ரூம் போக ரெண்டு பேர் தூக்கணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க.

கார்டு கலர் பத்தியும் கேட்டிருந்தீங்க. 40-க்கு கீழ வெள்ளை, 40-ல இருந்து 80-க்குள்ள மஞ்சள், 80-ம் அதுக்கு மேலயும் நீலம். சான்று நாடு முழுக்க செல்லும், நீங்க நாளைக்கு பெங்களூருக்கு மாறிப் போனாலும் புதுசா எடுக்கத் தேவையில்ல. ஆனா மாநில அரசு கொடுக்கற பணம் அப்படி கூடவே வராது, அந்தந்த மாநிலத்து விதிதான்.

கேள்வி: ஒருத்தர் 5,000 கொடுத்தா சான்றுல 35 சதவீதத்தை 45 ஆக்கித் தரேங்கறாரு. செய்யலாமா?

பதில்: வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 91-வது பிரிவுல, பொய்யா சலுகை வாங்கினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். மாட்டறது நீங்க, அவரு இல்ல. அப்ளை பண்றதுக்கு அரசுக்கு கட்டணமே கிடையாது. 35 தப்புன்னு நீங்க உண்மையாவே நினைச்சா 59-வது பிரிவுல மேல்முறையீடு இருக்கு, மாவட்ட அலுவலகத்துல கேட்டா யார்கிட்ட கொடுக்கணும்னு சொல்வாங்க.

கேள்வி: என் தங்கச்சிக்கு காது கேட்காது, பேச்சும் வராது. ஆன்லைன்ல போட்டு ஆறு மாசமாச்சு, ஆஸ்பத்திரியில இருந்து ஒரு தகவலும் இல்ல. (ஒரு அண்ணன், விழுப்புரம்)

பதில்: 2024 அக்டோபர்ல விதியை திருத்தினாங்க, அதுக்கு முன்னாடி சான்று கொடுக்க ஒரு மாசம்னு இருந்த கெடுவை மூணு மாசம் ஆக்கிட்டாங்க. (எதை கம்மி பண்ணணுமோ அதை நீட்டறாங்க, என்ன பண்றது.) அதே திருத்தத்துல ரெண்டு வருஷம் முடிவெடுக்காம கிடந்தா மனு காலாவதி, புதுசா போடணும்னும் இருக்கு. அதனால சும்மா உட்கார்ந்து காத்திருந்தா நஷ்டம் உங்களுக்குத்தான்.

முதல்ல பதிவு எண்ணை எடுத்துக்கிட்டு நேரா அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே போங்க, சில நேரம் மனு அங்க கம்ப்யூட்டர்ல தூங்கிக்கிட்டு இருக்கும். ஆடியோகிராம் (காது எவ்ளோ கேட்குதுன்னு பார்க்கற டெஸ்ட்) ஏற்கனவே எடுத்திருந்தா கொண்டு போங்க, காது விஷயத்துல அது இல்லாம ஒரு வேலையும் நகராது, சரியா பதில் சொல்ல முடியாதவங்களுக்கு சத்தத்துக்கு மூளை எப்படி பதில் கொடுக்குதுன்னு பார்க்கற பெரா டெஸ்டும் கேட்பாங்க. அங்கயும் நகரலன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாள்ல எழுத்து மூலமா மனு. அரசு உதவி எண் 1100-க்கு போன் பண்ணியும் பதியலாம். அதுக்கும் மேல மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்காரு, அவருக்கு புகார் விசாரிக்கற அதிகாரம் சட்டத்துலயே இருக்கு. நான் ஒரு தடவை ஒரு ஆபீஸ்ல மூணு மாசம் "சார் லீவு"ங்கற பதிலையே வாங்கிட்டு வந்தேன், குறைதீர் நாள் மனு நம்பரை காட்டின அடுத்த வாரம் ஃபைல் நகர்ந்துச்சு.

கேள்வி: மகளுக்கு அறிவுசார் குறைபாடு, வர்ற மாசம் 18 முடியுது. இனிமே அவ கணக்குல நாங்க பணம் எடுக்க முடியாதுன்னு பேங்க்ல சொல்றாங்க. பெத்தவங்க நாங்க இருக்கும்போது இது என்ன கூத்து? (தாய் தந்தை, மதுரை)

பதில்: கோபம் நியாயம்தான், ஆனா பேங்க் சொல்றதுலயும் ஒரு காரணம் இருக்கு. 18 முடிஞ்சதும் சட்டப்படி அவங்க மேஜர், பெத்தவங்களுக்கு இருந்த இயல்பான பாதுகாவலர் உரிமை அதோட முடிஞ்சுடும். இதுக்குத்தான் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல வழி வச்சிருக்காங்க, சட்டப்பூர்வ பாதுகாவலர் நியமனம்னு பேரு. நிராமயாவுக்குச் சொன்ன அதே நாலு குறைபாட்டுக்கு இது பொருந்தும். கோர்ட்டுக்கு போக வேண்டியதில்ல, கலெக்டர் தலைமையில உள்ளூர் அளவிலான குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் உறுப்பினரா இருப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து மனு போடுங்க, அதுக்கும் வழிகாட்டறது அதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான். அந்த சான்றிதழைக் காட்டினா பேங்க் ஏத்துக்கணும்.

நீங்க ரெண்டு பேர்ல யாராவது மத்திய அரசு வேலையில இருந்தவங்களா? கடிதத்துல அது தெரியல. அப்படின்னா சம்பாதிச்சு வாழ முடியாத பிள்ளைக்கு உங்களுக்கப்பறம் ஆயுசுக்கும் குடும்ப ஓய்வூதியம் வர வழி இருக்கு, ஆனா அவ பேரையும் குறைபாட்டுச் சான்றையும் நீங்க உயிரோட இருக்கும்போதே ஆபீஸ் ரெக்கார்டுல ஏத்தி வச்சுடுங்க. உங்களுக்கப்பறம் அவளைக் கூட்டிக்கிட்டு யாரோ ஒருத்தர் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறதை விட, இப்ப நீங்க ஒரு நாள் லீவு போட்டு முடிச்சுடறது லேசு.