முதலில் விசாவைப் பாருங்கள், தம்பி

இங்கிலாந்தின் லெஸ்டரில் முதுகலை முடிக்கப் போகிறேன், தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் வேலைதான் மனத்துக்குப் பிடித்திருக்கிறது, அதில் எப்படி நுழைவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, குளிர், அரிசி. அரிசி பெல்கிரேவ் சாலையில் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள்.

நான் 2009 செப்டம்பரில் ஒற்றைப் பெட்டியோடு இதே ஊரில் வந்து இறங்கியவள். 2014 முதல் இந்த வேலையில் இருக்கிறேன். அதனால் கசப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையை நம்பி இங்கே தங்க முடியாது. படிப்பு முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசா இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். அதன்பின் வேலை பார்த்துத் தங்குவதற்கான ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு வேண்டும். படித்து முடித்த கையோடு வருபவருக்குச் சலுகையில் 33,400. இத்தனை வருடம் கழித்தும் என் சம்பளம் அந்தச் சலுகைக் கோட்டையே தொடவில்லை.

பிறகு நீங்கள் எப்படி, அக்கா, என்பீர்கள். அன்றைக்கு இருந்த படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012 ஏப்ரலில் இழுத்து மூடினார்கள். எனக்கு முன்பே கிடைத்திருந்ததால் அந்த வருடக் கடைசி வரை ஓடியது. அதற்குப் பிறகு நான் இங்கே நின்றது கணவரின் செவிலியர் வேலை விசாவில். மனத்துக்குப் பிடித்த வேலையைத் தேடிக்கொண்டேன் என்று மேடையில் பேசும் நம்மவர்கள் பலர் இந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

அடுத்து, நான் சூடுபட்ட இடம். படிக்கும்போது ஒரு தொண்டு நிறுவனம் என்னைச் சம்பளமில்லாத 'ஒருங்கிணைப்பாளர்' ஆக்கியது. வாரம் மூன்று நாள், ஒன்பதரைக்கு வந்தாக வேண்டும், விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டும். பதவிப் பெயரில் மயங்கி அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். இன்னொரு பக்கம் முதியோர் இல்லத்தில் சம்பளத்துக்குப் பதினெட்டு மணி நேரம். பல்கலைக்கழக விசா ஆலோசகர் கணக்குப் பார்த்துவிட்டு, இன்றே நிறுத்து என்றார். விருப்பப்பட்டால் வரலாம், வராவிட்டால் கேள்வியில்லை என்பது தொண்டு. கடமையும் நேரமும் விதித்தால் அது சம்பளமில்லாத வேலை, வகுப்பு நடக்கும் பருவத்தில் மாணவர் விசா அனுமதிக்கும் வாரம் 20 மணி நேர வேலை வரம்புக்குள் அதுவும் சேரும். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. யாராவது பதவி கொடுத்தால் இதை முதலில் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால் கீழிருந்து வாருங்கள். உணவு வங்கியிலோ பழைய துணி விற்கும் தொண்டுக் கடையிலோ சேர்ந்து, 'ரோட்டா', அதாவது யார் எந்த நாள் வருவது என்கிற முறைப் பட்டியல், எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அதை எழுத யாருக்கும் பிடிக்காது, உடனே கொடுத்துவிடுவார்கள். குழந்தைகள், முதியவர்கள் உள்ள இடமென்றால் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. தன்னார்வலருக்கு அரசுக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் கைக்கு வந்ததும் காணாமல் போகாதீர்கள். நம் மாணவர்கள் சிலர் அதைச் செய்துவிட்டுப் போக, அடுத்து வரும் நம் பிள்ளையைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். தமிழ்ச் சங்க விழாவில் மைக்கைச் சுற்றிப் பத்துப் பேர், நாற்காலி மடக்க இரண்டு பேர் என்கிற கணக்கும் இங்கே செல்லாது.

ஆள் சேர்ப்பதுதான் வேலை என்று நினைத்திருப்பீர்கள். 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கியபோது, இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இரண்டரை லட்சம் தன்னார்வலர்களைக் கேட்டது. சில நாட்களில் ஏழரை லட்சம் பேர் பதிந்தார்கள். அவர்களில் பலருக்கு ஒரு வேலையும் வந்து சேரவில்லை. வந்தவருக்கு வேலை கொடுப்பதும், கொடுத்ததைப் பிடுங்காமலிருப்பதும்தான் சிரமம்.

நான் பிடுங்கியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர், எண்பதை நெருங்கியவர், செவ்வாய்தோறும் வந்து கதவு திறந்து எல்லோருக்கும் தேநீர் போடுவார். புதிதாக வந்த நான் திறமை காட்ட ரோட்டாவை மாற்றி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் மின்னஞ்சல் பார்ப்பவரில்லை. செவ்வாய் வந்தார், கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் நிற்பதைப் பார்த்தார், சாவியை மேசையில் வைத்தார், போய்விட்டார். ஃபோனில் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, எல்லாம் சரிதான் என்றார். நானும் சரிதான் என்று நம்பினேன்! நம் ஊர்ப் பெரியவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார், எனக்கும் புரிந்திருக்கும். இங்கே குரல் எவ்வளவு தணிகிறதோ அவ்வளவு கோபம் என்பது பிடிபட எனக்கு வருடங்கள் ஆயின. இப்போது என் கணவரே சில ஆங்கிலேயர்களின் மின்னஞ்சலுக்கு என்னிடம்தான் பொருள் கேட்கிறார்.

மூன்று செவ்வாய் அவர் வரவில்லை. நாலாவது வாரம் நேரில் போய், எனக்குக் கதவுப் பூட்டு மக்கர் செய்கிறது என்றேன். அது பொய்யில்லை, அந்தப் பூட்டு அவருக்குத்தான் பணியும். மறுநாள் வந்து திறந்தார். அலமாரியில் பின்னால் தள்ளப்பட்டிருந்த தன் கோப்பையை எடுத்துக் கழுவினார். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தப் பாலை வாங்கியது யார்?" என்றார்.